மரக்கூட்டத்துக்குள் ஓட்ட 600ஆ, 850ஆ? வாங்கும்முன் பலர் செய்யும் தவறுகள்

மலை ஸ்னோமொபைல் (மலைப்பனியில் ஓட்டுகிற இன்ஜின் வண்டி) வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது சிசி. 600 என்றால் கற்றுக்கொள்பவருக்கு, 850 என்றால் ஓட்டத் தெரிந்தவருக்கு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ என்றால் கையில் காசு புரள்பவருக்கு. கடையிலும் இப்படித்தான் சொல்வார்கள். டிரெய்லரில் இருந்து வண்டியை இறக்கிக்கொண்டே நண்பர்களும் இதைத்தான் சொல்வார்கள். மரமே இல்லாத பெரிய சரிவில் நேராக ஏறி, யார் தடம் அதிக உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே சந்து சந்தாக நுழைந்து போக ஆசைப்படுகிறவரை இதே கணக்கு காலை வாரிவிடும். நானும் முதலில் 850தான் வாங்கினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டியதைவிடப் பனியைத் தோண்டியதுதான் அதிகம்.

மரங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சரிவின் குறுக்கே போகிறீர்கள். மேட்டுப் பக்கத்து மிதிபலகையில் நின்று, வண்டியை உங்கள் பக்கமாகச் சாய்த்து, ட்ராக்கின் (வண்டிக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளுகிற அகலப் பட்டையின்) ஒரு விளிம்பு மட்டும் பனியைக் கடிக்கும்படி பிடித்திருக்கிறீர்கள். வேகம், ஒருவர் மெதுவாக ஓடுகிற அளவுதான். வலது கட்டைவிரல் ஆக்சிலரேட்டரான த்ராட்டிலை விட்டு விட்டு, சிறுகச் சிறுகத் தொடுகிறது. முழுக்க விட்டுவிட்டால் சாய்வு போய், வண்டி பள்ளத்துப் பக்கம் தட்டையாக விழுந்து சறுக்கத் தொடங்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் முன்னால் திசை திருப்புகிற சறுக்குப் பலகைகளான ஸ்கீ இரண்டும் மேலே எழும்பும். அப்புறம் திசை உங்கள் கையில் இல்லை, அடுத்த மரத்தின் கையில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கட்டைவிரல் அசைவில் சில மில்லிமீட்டர். பெரிய இன்ஜினில் அந்த இடைவெளி இன்னும் ஒடுங்கிவிடுகிறது. அதனால் மரங்களுக்குள் நான் கேட்கிற கேள்வி உச்ச சக்தி எவ்வளவு என்பதல்ல, அடிமட்டச் சக்தி எவ்வளவு பதமாக வருகிறது என்பதுதான்.

கடையில் எழுதியிருக்கிற குதிரைத்திறனை அப்படியே நம்புவது முதல் தவறு. டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். காற்று மெலியும்போது எரிவதற்கான ஆக்சிஜன் குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். ஸ்கீ-டூ நிறுவனத்தின் 850 இ-டெக் இன்ஜின் கடல்மட்டத்தில் சுமார் 165 குதிரைத்திறன், 600ஆர் இ-டெக் சுமார் 125. இதை வயோமிங்கின் டோக்வோட்டி கணவாய்க்குக் கொண்டுபோங்கள். கணவாயே 2,900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே 850 சுமார் 115க்கு இறங்கிவிடும், 600 சுமார் 88க்கு. அதாவது அங்கே நிற்கிற 850, கடல்மட்டத்து 600ஐவிடச் சாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் கதை வேறு. ஊர் இருப்பது சுமார் 480 மீட்டரில். மேலே மரக்கூட்டத்தில் ஓட்டுகிற உயரம் 1,800 மீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டாலும் 600க்கு நூறு குதிரைத்திறன் போல மிஞ்சும், 850க்கு 135. நூறு குதிரைத்திறனை மரங்களுக்கு நடுவே முழுசாகச் செலவழிக்கிற ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆக, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று சொல்லாமல் எந்த இன்ஜின் என்று கேட்பதில் அர்த்தமில்லை. மொன்டானாவின் குக் சிட்டியில் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. அங்கே உலர்ந்த ஆழமான பனியில் 600ஐ வைத்துக்கொண்டு திணறுகிறவருக்கும், ரெவல்ஸ்டோக்கில் 850ஐ அடக்க முடியாமல் திணறுகிறவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று உண்டு: சின்ன இன்ஜின் என்றால் வண்டியும் இலேசு என்று நினைத்துக்கொள்வது. ஸ்கீ-டூவோ போலாரிஸோ, 600 அல்லது 650க்கும் 850க்கும் பெரும்பாலும் ஒரே சட்டகத்தைத்தான் போடுகிறார்கள். எடை வித்தியாசம் சில கிலோ. ஸ்கீ-டூவின் மலை வண்டியான சம்மிட்டின் பெட்ரோல் தொட்டி 36 லிட்டர் பிடிக்கும். நிறைந்திருந்தால் அதுவே 27 கிலோ அளவு. காலையில் தொட்டி நிரம்பிய 600, மாலையில் பாதி காலியான 850ஐவிடக் கனம். அதோடு மிதிபலகைக்கு அடியிலும் டனலுக்குள்ளும் (ட்ராக்கை மேலிருந்து மூடுகிற உலோகக் கூட்டுக்குள்ளும்) உறைகிற பனிக்கட்டி வேறு. மதிய உணவுக்கு நிற்கும்போது அதைத் தட்டிவிடாதவர்கள்தான் "வண்டி கனமா இருக்குப்பா" என்று அதிகம் புலம்புவார்கள்.

அப்படியானால் 600ஐ ஓட்டுகிற எல்லோரும் அது துள்ளலாக இருக்கிறது என்று சொல்வது பொய்யா? பொய்யில்லை. காரணம் தராசில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட், பம்பரம் மாதிரி தன் நிலையை விட்டுச் சாய மறுக்கும். சின்ன இன்ஜினில் சுழலும் பாகங்கள் இலேசு என்பதால் அந்த முரண்டு குறைவு. வண்டியை இடமிருந்து வலமாகச் சாய்த்து உடனே திருப்பிச் சாய்க்கும்போது கைக்கு அது தெரியும். நாள் முழுக்க முந்நூறு தடவை சாய்க்கிற மர சவாரியில் இது சின்ன விஷயமில்லை.

ட்ராக் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பேன். 600க்குப் பொதுவாக 146 அல்லது 154 அங்குல நீளம் போதும். ஆனால் "நீளமாக இருந்தால் புதையாது" என்று யாரோ சொல்ல, 165 அங்குலமும் 3 அங்குல லக்கும் (பனியை அள்ளுகிற, ட்ராக்கின் ரப்பர்ப் பற்களும்) தேடிப் போகிறார்கள். உயரமான லக் ஒவ்வொரு சுற்றிலும் நிறையப் பனியை அள்ளி எறிய வேண்டும். அந்த வேலைக்கும் சக்தி தேவை. உயரத்தில் ஏற்கெனவே மெலிந்துபோன 600, அந்த ட்ராக்கைச் சுழற்றவே மூச்சு வாங்கும். சுற்று எண்ணிக்கை விழும், கிளட்ச் தடுமாறும், பெல்ட் சூடாகும். அப்புறம் பழி இன்ஜின்மேல் விழும்.

நீளத்துக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நீண்ட ட்ராக் எடையைப் பரப்பி வைப்பதால் மெதுவாகப் போனாலும் வண்டி மிதக்கும். மரங்களுக்குள் மெதுவாகப் போகத்தான் வேண்டும். ஆனால் நீள வண்டியைக் குறுகிய இடத்தில் திருப்புவதற்கு அதிக இடமும் அதிகச் சாய்ப்பும் தேவை. உடல் எடை நூறு கிலோவுக்கு மேல், ஓட்டுவது ஆழமான உலர்பனி என்றால் 850ஓடு 165 எடுங்கள். மற்றவர்களுக்கு 154, 155 பக்கம் போவதுதான் என் கட்சி. லக் 2.5 அல்லது 2.6 அங்குலம் இருந்தாலே மரக்கூட்டத்துக்குத் தாராளம்.

அடுத்தது, "சக்தி இருந்தால் சிக்கலில் இருந்து தப்பிக்கலாம்" என்ற நம்பிக்கை. பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்து. விழுந்து கிடக்கிற மரத்தண்டின் மேல் ஸ்கீயைத் தூக்கி வைக்கவும், நின்ற இடத்தில் இருந்து மேட்டைப் பார்த்துத் திரும்பவும், ஒரு நொடி வெடிப்பாக வரும் சக்தி உதவும். அதில் 850தான் ராஜா. ஆனால் வண்டி முன்னேறாமல் ட்ராக் மட்டும் சுழலத் தொடங்கிவிட்டால் அதே சக்தி குழி வெட்டும் இயந்திரமாகிவிடும். ஒரு முறை இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு இடையில் நான் அரை நொடி தாமதமாகக் கட்டைவிரலை எடுத்தேன். வண்டியின் பின்பக்கம் இடுப்பளவுக்கு இறங்கி, ஸ்கீ இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. பின்னால் 600இல் வந்த நண்பருக்கும் அதே இடத்தில் ட்ராக் சுழன்றது. அவருடைய குழி முழங்கால் ஆழம்தான். பக்கவாட்டில் சாய்த்து, குழியைக் காலால் மிதித்து இறுக்கி, ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். எனக்கு முக்கால் மணி நேரம்.

டர்போவைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஸ்கீ-டூ 2020 மாடலில் ஆலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் 850ஐக் கொண்டுவந்தது. அந்த முதல் மாடல் சுமார் 2,400 மீட்டர் வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தந்தது. போலாரிஸ் 2022 மாடலில் பேட்ரியாட் பூஸ்ட் என்ற டர்போ இன்ஜினைக் கொண்டுவந்தது. உயரமான, திறந்த மலைகளுக்கு அருமையான சரக்கு. மரங்களுக்குள் முன்பக்க எடையும் கூடும், விலையும் கூடும். டோக்வோட்டி மாதிரி உயரத்தில் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குச் சரி. முதல் வண்டியாக வேண்டாம்.

கூட வருகிறவர்களை மறந்துவிட்டு வண்டி வாங்குவதும் நடக்கிறது. குழுவில் எல்லோரும் 850, டர்போ என்றால் அவர்கள் தேர்ந்தெடுக்கிற வழி செங்குத்தாகத்தான் இருக்கும். நல்ல மரக்கூட்டத்துக்குப் போகவே ஒரு நீண்ட ஏற்றம் ஏற வேண்டியிருக்கலாம். அதில் ஒற்றை 600 ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றால் உங்களுக்கும் வெறுப்பு, அவர்களுக்கும் வெறுப்பு. அப்படிப்பட்ட குழுவில் 850ஐ எடுத்துக் கட்டைவிரலைப் பழக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டுக்கும் நடுவில் நிற்க விரும்பினால் போலாரிஸின் 650 இருக்கிறது, 2021 மாடலில் வந்தது.

காசு முழுவதையும் இன்ஜினில் கொட்டிவிட்டு, பனிச்சரிவுக் கருவிகளுக்கு மிச்சமில்லாமல் நிற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோக் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் உடம்பில் அல்லது முதுகுப் பையில் இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல. வண்டியும் நீங்களும் ஒரே இடத்தில் புதைவீர்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மரங்கள் இருந்தால் பனிச்சரிவு வராது என்பது கட்டுக்கதை. உள்ளே புகுந்து ஓட்ட வசதியாக இருக்கிற அளவு இடைவெளி உள்ள காட்டில், பனி சரிந்து வரவும் இடைவெளி இருக்கிறது. தாழ்ந்த கிளைகளின் அடியில் பனி இறுகாமல் பொலபொலவென்று குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கடினம், மூச்சு முட்டியே இறந்துபோகிறார்கள். கூட வருகிறவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். ரெவல்ஸ்டோக்கில் தலைமையகம் வைத்திருக்கிற அவலான்ச் கனடா என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பின் அன்றாட அறிக்கையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் கிளம்பாதீர்கள். 600 வாங்கி மிச்சமாகிற பணத்தில் ஒரு பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பே முடித்துவிடலாம்.

கடைசியாக, கடைத் தரையில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒருநாள் வாடகைக்கு 600, மறுநாள் 850. காட்டோரமாக ஒரு சின்னச் சரிவைப் பிடியுங்கள். சரிவின் குறுக்கே வண்டியைச் சாய்த்து, நடைவேகத்தில், மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் எத்தனை எண்ணும் வரை பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். முதல் நாள் இருபது வரை எண்ணி, மறுநாள் ஏழிலேயே விழுந்தால், எதற்கு முன்பணம் கட்டுவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.