இம்பால் - கோஹிமா போர்: நாலுக்கு மூன்றடிப் பலகையில் மாதிரி செய்யும் முறை

பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டாம் உலகப் போர் என்றதும் பிள்ளைகள் ஸ்டாலின்கிராடுக்கும் நார்மண்டிக்கும்தான் ஓடுகிறார்கள். நம் நாட்டு மண்ணிலேயே, இம்பாலிலும் கோஹிமாவிலும், பர்மாவிலிருந்து வந்த ஜப்பானிய ராணுவத்தின் போக்கைப் பிரிட்டிஷ் இந்தியப் படை திருப்பிய சண்டை 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்தது. மாதிரியில் காட்டவும் இதுவே தோதானது. காரணம், இது திமாப்பூர் - கோஹிமா - இம்பால் என்ற ஒரு ரோட்டுக்கான சண்டை. மேடு, பள்ளம், ரோடு மூன்றும் சரியாக அமைந்தால் முக்கால்வாசிக் கதை தானாகப் புரிந்துவிடும். பொம்மைச் சிப்பாய்களுக்குச் செலவழிக்கும் காசை மலைக்குச் செலவழியுங்கள்.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், நாலடிக்கு மூன்றடி. 6 மி.மீ. மலிவுதான், ஆனால் ஈரப் பசை காயும்போது வளைந்துவிடும். அதில் 100 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலத்துக்குப் பென்சிலால் கட்டம் போடுங்கள். மீதி இடம் குறிப்புகளுக்கு. நீளவாக்கு வடக்கு - தெற்கு. அளவு: 1 செ.மீ. = 2 கி.மீ.

இனி ஊர்களைக் குறிக்க வேண்டும். கட்டத்தின் மேல் விளிம்பிலிருந்தும் இடது விளிம்பிலிருந்தும் செ.மீ. கணக்கில், அரை செ.மீ. முன்பின் இருக்கலாம்: திமாப்பூர் 5½, 11½. கோஹிமா 18, 31. உக்ருல் 50, 43. இம்பால் 65½, 22. மொய்ராங் 83, 13½. பலேல் 85½, 26½. தமு கீழ் விளிம்பை ஒட்டி, இடமிருந்து 41. பர்மாவில் சிந்த்வின் ஆற்றங்கரை ஹோமாலின் 63, 71. தெற்கே பர்மாவில் இருக்கும் திட்டிம் கட்டத்துக்குள் வராது. கீழ் விளிம்பில் அம்புக்குறி போட்டு எழுதினால் போதும்.

வைகை அணை விவகாரத்துக்குப் பிறகு மதுரையில் தெர்மாகோல் என்றாலே சிரிப்புத்தான். இருந்தாலும் மலை செய்ய அதைவிட நல்ல சரக்கு கிடையாது. அரை இஞ்ச் கனம், 1 மீட்டருக்கு அரை மீட்டர் அட்டை ஏழெட்டு வாங்குங்கள். ஓர் அடுக்கு = 400 மீட்டர் உயரம். திமாப்பூரும் சிந்த்வின் கரையும் வெறும் பலகையிலேயே இருக்கட்டும். இம்பால் சமவெளி ஏறத்தாழ 780 மீட்டர், அதாவது இரண்டு அடுக்கு. கோஹிமா 1,440 மீட்டருக்குச் சுமார், மூன்றரை அடுக்கு. கோஹிமாவுக்குத் தென்மேற்கே ஜாப்ஃபூ சிகரம் 3,000 மீட்டரைத் தாண்டும், ஏழரை அடுக்கு. இம்பாலைச் சுற்றி 32 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலத்துக்கு ஒரு முட்டை வடிவப் பள்ளம் விட்டு, சுற்றிலும் மூன்றாவது, நாலாவது அடுக்கை ஏற்றுங்கள். மொய்ராங் பக்கம் லோக்தாக் ஏரிக்கு நீலம்.

இந்தக் கணக்கில் உயரம் நிஜத்தைவிட ஆறு மடங்கு மிகைப்பட்டிருக்கும். அது தப்பில்லை, நிஜ விகிதத்தில் செய்தால் கோஹிமா முக்கால் செ.மீ. கூட வராது. ஆனால் 'உயரம் 6 மடங்கு கூட்டிக் காட்டப்பட்டுள்ளது' என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும். செருப்புக் கடை மஞ்சள் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒட்டி முடித்ததும் ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். மேலே பழைய செய்தித்தாள் கீற்றுகள், ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, இரண்டு பூச்சு; ஒவ்வொன்றும் ஓர் இரவு காயணும். காசை மிச்சம் பிடிக்க மைதாப் பசை காய்ச்சினால் கரப்பானும் எலியும் வந்து சேரும். அதன் மேல் மெல்லிசாக வால் புட்டி. மதுரை வெயிலில் காய வைத்தால் புட்டி பாளம் பாளமாக வெடிக்கும், நிழல்தான் சரி. புட்டி காய்ந்ததும் பெயிண்ட் அடியுங்கள். அது காய்ந்த பிறகு, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளை ஃபெவிகால் தடவித் தூவினால் காடு. சுங்குடி ஊரில் சாயப்பொடிக்கா பஞ்சம்?

ரோட்டுக்கு மெல்லிய சணல் கயிறு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இரண்டு ஊருக்கும் நேர்க்கோடு இழுத்துவிடுவார்கள். திமாப்பூர் - கோஹிமா ரோடு 46 மைல், ஆகவே 37 செ.மீ. கயிறு. பலகையில் நேர்த் தூரமோ 23 செ.மீ.தான். கோஹிமா - இம்பாலுக்கு 70 செ.மீ. கயிறு வெட்டுங்கள், நேர்த் தூரம் 48. மீதிக் கயிற்றை வளைத்து வளைத்துப் பள்ளத்தாக்குகளில் குண்டூசியால் குத்தும்போது அந்த மலைப்பாதை எப்படிப்பட்டது என்று கைக்கே தெரியும். மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம், முழுக்க முழுக்கக் கொண்டை ஊசி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஜப்பானிய 15வது ராணுவத்தின் (தளபதி முத்தகுச்சி) மூன்று டிவிஷனுக்கு மூன்று சிவப்பு அம்பு. 33வது, தெற்கே திட்டிம் ரோட்டிலும் தமு - பலேல் ரோட்டிலும், மார்ச் 8 முதல். 15வது, கிழக்கிலிருந்து இம்பாலுக்கு வடக்கே வந்து ரோட்டைத் துண்டிக்க. 31வது, ஹோமாலின் பக்கமிருந்து உக்ருல் வழியாகக் கோஹிமாவுக்கு. பின்னிரண்டும் சிந்த்வினைக் கடந்தது மார்ச் 15. உக்ருலுக்குத் தெற்கே சாங்ஷாக்கில் ஒரு கொடி நடுங்கள்: 50வது இந்திய பாராசூட் படைப்பிரிவு மார்ச் 22 முதல் 26 வரை அங்கே மறித்து நின்றதில் கோஹிமாவுக்கு விலைமதிப்பில்லாத நாட்கள் கிடைத்தன.

'நேதாஜி படை எங்கே?' என்பது நம்மூரில் வரும் முதல் கேள்வி. மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள், கேட்காமல் இருப்பார்களா? அதற்குத் தனி நிற அம்பு கொடுங்கள். மொய்ராங்கில் ஏப்ரல் 14 என்று எழுதிக் கொடி நடுங்கள். அன்று கொடியேற்றியவர் கர்னல் சௌகத் மாலிக். பக்கத்தில் நேதாஜி பொம்மையை நிறுத்தாதீர்கள். 'நாகாலாந்து' என்றும் எழுத வேண்டாம். அந்த மாநிலம் 1963இல்தான் வந்தது. 'நாகா மலை, அசாம் மாகாணம்' என்று எழுதுங்கள்.

பலகையின் வெற்றிடத்தில் கோஹிமா டென்னிஸ் மைதானத்தைத் தனியாகச் செய்யலாம். 100இல் 1 அளவில் மைதானம் 24 செ.மீ.க்கு 11 செ.மீ. விளாச்சேரி பொம்மைக் களிமண்ணில் மூன்று படி: கீழ்ப்படியில் துணை ஆணையர் பங்களா, நடுவில் மைதானம், மேலே கேரிசன் ஹில் சரிவு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் சுமார் 1,500 சண்டைவீரர்கள் 12,000க்கும் மேற்பட்ட ஜப்பானியரை ஏப்ரல் 18 வரை தாக்குப்பிடித்த இடம் அது. மைதானத்தின் இரு ஓரத்திலும் பதுங்குகுழி தோண்டுங்கள். எறிகுண்டு வீசும் தூரத்தில் எதிரி இருந்தது பார்த்தவுடன் தெரிய வேண்டும். இன்று அங்கே போர்க் கல்லறை இருக்கிறது, மைதானக் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

விளக்கம் சொல்பவருக்கு மூன்று நிமிடம் போதும். மார்ச் கடைசியில் ரோடு துண்டானதைக் காட்ட, இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் இடையே சணல் மேல் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். இம்பாலில் சிக்கியவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அவர்களுக்குச் சோறும் குண்டும் விமானத்தில் வந்ததைச் சொல்ல, கம்பியில் இரண்டு காகித விமானம் போதும். ஜப்பானியர் கொண்டுவந்ததோ மூன்று வாரச் சாப்பாடு. எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிடலாம் என்பது முத்தகுச்சியின் கணக்கு. கிடங்கும் கிடைக்கவில்லை, மழையும் பிடித்துக்கொண்டது. 31வது டிவிஷன் தளபதி சத்தோ மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்கினார். ஜூன் 22, திமாப்பூரிலிருந்து மைல் கல் 109: இரு பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியப் படைகளும் சந்தித்து ரோடு திறந்தது. பலகையில் அது கோஹிமாப் பக்கமிருந்து 50 செ.மீ., இம்பால் பக்கமிருந்து 20 செ.மீ. கயிறு சேரும் இடம். அந்தத் தேதியைச் சொல்லும்போது சிவப்பு நூலை உருவுங்கள்.

நாலடிப் பலகை ஆட்டோவுக்குள் நுழையாது, மினி வேன்தான் பிடிக்கணும். அம்பு, கொடி, விமானம் எல்லாவற்றையும் கழற்றித் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். கூடவே கொஞ்சம் ஃபெவிகாலும் சாயமேற்றிய மரத்தூளும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் எப்படியும் ஒரு மலை மூலை உடையும்.