காற்றில் சாய்ந்த மூங்கிலில் ஒரு புல்லாங்குழல்

ஆடி மாதம் ஆனைமலைப் பக்கம் வந்து பாருங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று என்ன பாடு படுத்துகிறது என்று தெரியும். எங்கள் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் ஒரு மூங்கில் புதர் உண்டு. வருடா வருடம் நாலைந்து மூங்கிலாவது சாய்ந்துவிடும். அடுப்புக்கோ பந்தல்காலுக்கோ போகிற அந்த மூங்கிலில் ஒன்றிரண்டு குழலாகலாம். பச்சை மூங்கிலை வெட்டவே வேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் விழுந்து கிடப்பதைத் தொடாதீர்கள். 2017இல் வந்த வனச் சட்டத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலைத்தான் மரக் கணக்கிலிருந்து எடுத்தது. சொந்தத் தோட்டம், தெரிந்தவர் வேலியோரம், இவை போதும். புதருக்குள் கை விடும் முன் ஒரு கம்பால் தட்டுங்கள், பாம்பு இருக்கும்.

எந்த மூங்கில்?

மண்ணில் புதைந்து கிடப்பதைவிட, சாய்ந்து பக்கத்து மூங்கில்மேல் தொங்கிக்கொண்டிருப்பது நல்லது. ஈரம் ஏறியிருக்காது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. 'தொப்' என்றால் உள்ளே கீறலோ பூஞ்சையோ இருக்கிறது.

மேல்தோலில் வெண்மாவு படிந்து, பாளை ஒட்டிக்கொண்டிருந்தால் இளசு, காயும்போது சுருங்கிவிடும். தோல் மங்கி, அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்திருந்தால் முற்றல். குண்டூசித் துளையும் அதன் கீழே மாவுமாதிரி தூளும் தெரிந்தால் உளுத்துப்போனது, விட்டுவிடுங்கள். பூத்துக் காய்ந்த மூங்கில் கிடைத்தால் யோகம்தான். மாவுச்சத்தெல்லாம் அரிசிக்குப் போயிருக்கும், அதனால் பூச்சி அவ்வளவாக அண்டாது.

முள்மூங்கிலின் அடிப்பகுதி குழலுக்கு ஆகாது. சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. நுனிப்பக்கம் போனால் சுவர் 2 அல்லது 3 மி.மீ. ஆக மெலிந்திருக்கும். உள்விட்டம் சுமார் 15 மி.மீ., ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே 33 செ.மீ. இருக்கிற துண்டு வேண்டும். ஒரு பக்கக் கணுவை விட்டு, மறுபக்கக் கணுவை வெட்டி நீக்குங்கள். விட்டுவைத்த கணுதான் குழலின் அடைப்பு.

காயவிடுவது

பாதிக் குழல்கள் இந்த இடத்தில்தான் வீணாகின்றன. நான் முதன்முதலில் எடுத்த துண்டை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு 'பட்' என்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் நுனியிலிருந்து கணு வரைக்கும் தலைமயிர் போல ஒரு விரிசல். அதன் பிறகு வெயிலில் வைப்பதே இல்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழல் செய்யும் முறை சொல்லும்போது, வெட்டிய மரத்தை நிழலில் ஆறப்போட்டு, திருகலும் பிளவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஓராண்டு கழித்தே செய்யச் சொல்கிறார். மெல்லிய துண்டுக்கு ஆறேழு மாதம் போதும் என்பது என் அனுபவம். ஆடியில் விழுந்ததைத் தை, மாசியில் தொடுவேன். விறகடுப்பு இருந்தால் அதற்கு மேலே பரணில் போட்டு வையுங்கள். புகை பட்டால் பூச்சி வராது.

துளைகள்

துரப்பணத்தால் நேராகத் துளைத்தால் நார் பிய்ந்து கீறல் விடும். 2 மி.மீ. விட்டத்துக்கு மட்டும் துளைத்துவிட்டு, மீதியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுங்கள். கரி அடுப்பை வெளியில் வைத்து, கம்பியைக் குறடால் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கம்பியை அழுத்தாமல் லேசாகச் சுழற்றினால் போதும். கருப்பட்டி தீய்ந்தாற்போல ஒரு வாசனையோடு புகை வரும், சட்டென்று கம்பி உள்ளே இறங்கும். உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிர்ச்சுவர் கருகும்.

முதலில் வாய்த்துளை. கணுவின் உள்பக்கத்திலிருந்து 15 முதல் 20 மி.மீ. தள்ளி, 10 மி.மீ. நீளமும் 9 மி.மீ. அகலமுமாக லேசான நீள்வட்டம். ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், உப்புத்தாளால் உருட்டிவிடாதீர்கள். நாதம் பிறப்பது அந்த விளிம்பில்தான்.

இப்போது ஊதிப் பாருங்கள். வாய்த்துளை நடுவிலிருந்து நுனிவரை 30 செ.மீ. விட்டு அறுத்துக்கொண்டு, கைப்பேசியில் சுருதி காட்டும் ஒரு டியூனர் செயலியைத் திறங்கள். இரண்டு நிமிடம் ஊதிக் குழல் சூடான பிறகு பார்த்தால்தான் சரியாகக் காட்டும். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைத்தால் சுருதி ஏறும். ஏறக்குறைய 28.5 செ.மீ.யில் ஒரு கட்டை சுருதிக்கு (டியூனரில் C) வந்து நிற்கும்.

கச்சேரிக் குழலுக்கு எட்டு விரல்துளை. தொடக்கத்துக்கு ஆறு போதும். வாய்த்துளை நடுவிலிருந்து 12.3, 14.5, 16.9, 19.6, 21.1, 24.3 செ.மீ. என்று ஒரே நேர்கோட்டில் குறியுங்கள். நுனிக்கு அருகில் இருப்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் சுட்டு, ஊதிப் பார்த்து, உருண்டை அரத்தால் பெரிதாக்குங்கள். துளை பெரிதானால் சுரம் ஏறும். எல்லாம் மூடினால் ஸ, பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க ரி, க, ம, ப, த, நி என்று சங்கராபரண ராகத்தின் சுரங்கள் வர வேண்டும்.

ஒரு துளை கைமீறிப் பெரிதாகிவிட்டால் அதன் ஓரத்தில் தேன்மெழுகை ஒட்டிக் குறைக்கலாம். மூங்கிலுக்கு மூங்கில் உள்விட்டம் மாறும், ஆகவே அளவுகோல் சொல்வதைவிடக் காது சொல்வதைக் கேளுங்கள்.

கடைசி வேலை

உள்ளே இருக்கிற கரியை ஒரு குச்சியில் துணி சுற்றித் துடைத்து, அதே மாதிரி தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள். இரண்டு முனையிலும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி ஒட்டிவிட்டால் பின்னால் விரிசல் விட்டாலும் ஓடாது.

முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். ஊதி முடித்ததும் உள்ளே இருக்கிற ஈரத்தைத் துடைத்து, வாய்திறந்த பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள்.