‘இடியாக்ரசி’யை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

மைக் ஜட்ஜ் இயக்கி 2006-ல் வந்த ஆங்கில நகைச்சுவைப் படம் ‘இடியாக்ரசி’யை இதுவரை நாலு தடவை ஆள் சேர்த்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் தடவை சண்டையில் முடிந்தது. படத்தின் தொடக்கத்தில் படித்த தம்பதி பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். படிக்காத குடும்பம் பெருகிக்கொண்டே போகும். உலகம் மந்தமானது அதனால்தான் என்று கதை. "சரியாத்தான் சொல்றான்" என்றார் என் மச்சான். அவ்வளவுதான், பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அந்த முன்கதை அறிவியல் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐக்யூ மதிப்பெண் ஏறித்தான் வந்தது. கதாநாயகனான ராணுவ நூலகர் ஜோவை உறையவைத்து, எல்லாரும் மந்தமாகிவிட்ட 2505-ல் எழுப்ப அது ஒரு சாக்கு.

சப்டைட்டில் போடுங்கள், எதிர்காலத்து ஆட்களின் பேச்சு லேசில் பிடிபடாது. குழந்தைகளைத் தூங்க வைத்துவிடுங்கள், பச்சையான வசனம் நிறைய. 84 நிமிஷம்தான், இடைவேளை வேண்டாம்.

ரிமோட்டைக் கையில் எடுக்க வேண்டிய இடம், ‘பிரான்டோ’ என்ற பானம் வரும் காட்சி. வேளாண்மை படித்தவன் என்பதால் எனக்கு இதுதான் படமே. வயலுக்குத் தண்ணீருக்குப் பதில் இந்தப் பச்சைப் பானத்தைப் பாய்ச்சுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அதில் எலக்ட்ரோலைட் இருக்கு". எலக்ட்ரோலைட் என்றால் என்ன என்று கேட்டால், "பிரான்டோவில் இருப்பது"! கரைந்த உப்புதான் அது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. உவர் நிலத்தில் நுனி கருகி நிற்கும் நெல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

பிரான்டோவைத் தயாரிக்கும் கம்பெனி, உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசுத் துறையையே விலைக்கு வாங்கிவிட்டது என்று ஒரே வரியில் கதைசொல்லி சொல்லிவிட்டுப் போவார். சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. பின்னால் ஓட்டி மறுபடி போடுங்கள். நாட்டில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனிதான். ஜோ தண்ணீருக்கு மாற்றியதும் பங்கு விலை சரிகிறது, கணினி எல்லாரையும் வேலையைவிட்டு அனுப்புகிறது, ஜனங்கள் ஜோ மேல் பாய்கிறார்கள். இந்தப் பகுதியைக் கவனித்துப் பார்த்தவர்கள் யாரும் மச்சான் கட்சியில் சேரவில்லை.

குடிக்க மோர் வையுங்கள். ஒரு தடவை கடையில் விற்கும் எலக்ட்ரோலைட் பானம் ஒரு டஜன் வாங்கி வைத்தேன். படம் முடிந்த பிறகும் பன்னிரண்டும் அப்படியே இருந்தன.