கேட்வுமனை எந்த வரிசையில் பார்க்கலாம்?

"அக்கா, ஒரு கேட்வுமன் டிரஸ் வேணும்" என்று நாடகக் குழுத் தம்பி ஒருவன் போனில் கேட்டான். எந்தக் கேட்வுமன் என்றேன். "அதான்க்கா, காது வச்சிருக்குமே."

நான் நாடகங்களுக்கு உடை தைப்பவள். அளவு எடுப்பதற்கு முன் அந்தப் பாத்திரத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம். பேட்மேன் கதைகளில் பூனை வேஷம் போட்டு வரும் திருடிதான் கேட்வுமன். இந்தச் சாக்கில் திரையில் வந்த கேட்வுமன்கள் முக்கால்வாசிப் பேரையும் பார்த்து முடித்தேன். வெளியான வரிசையிலேயே பார்த்ததுதான் நான் செய்த தப்பு. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம்.

படம் போடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். 1940-இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழிலேயே இவள் வந்துவிட்டாள். அப்போது பெயர் வெறும் 'தி கேட்'. முகமூடி கிடையாது, சாட்டை கிடையாது. ஒரு கப்பலில் பாட்டி வேஷம் போட்டு வருகிறாள். திருடிய நகையைக் கணுக்காலில் சுற்றிய கட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பேட்மேன் வேஷத்தைக் கலைத்துப் பிடித்துவிடுகிறான். அப்புறம் அவள் தப்பிக்கும்போது கண்டும் காணாமல் விட்டுவிடுகிறான். வேஷம் கலைவது, பிடித்தவளை விட்டுவிடுவது: பின்னால் வந்த எல்லாரும் இந்தத் துணியைத்தான் வேறு வேறு அளவில் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் 1992-இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தைப் போடுங்கள். டிம் பர்ட்டன் இயக்கம், மிஷெல் ஃபைஃபர் நடிப்பு. இந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் அனெட் பெனிங். அவர் கர்ப்பமானதால் வாய்ப்பு ஃபைஃபருக்கு வந்தது. கேட்வுமனின் நிஜப் பெயர் செலினா கைல். இதில் அவள் ஒரு செக்ரெட்டரி. முதலாளி ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுகிறான். பிழைத்து வீட்டுக்கு வந்தவள் அலமாரியிலிருந்து பளபளக்கும் கறுப்பு கோட் ஒன்றை இழுத்துப் போட்டு, கிழித்து, தானே தைக்கத் தொடங்குகிறாள். தொழில்காரி என்பதால் இந்தக் காட்சியை நான் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். நகங்கள்கூட தையல் பெட்டியில் கிடந்த சாமான்கள்தான். வெள்ளை நூல், கோணல்மாணலான பெரிய பெரிய தையல். கோபத்தில் இருப்பவள் நேராகவா தைப்பாள்?

அந்தத் தையலின் மேல் கண் வைத்துக்கொண்டே படத்தைப் பாருங்கள். போகப் போக அது பிரிந்துகொண்டே வரும். கடைசியில் உடை கந்தலாகித் தொங்கும். அவள் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உடையிலேயே படிக்கலாம்.

முகமூடி விருந்துக் காட்சியில் மட்டும் போனைக் கீழே வையுங்கள். கூட்டம் முழுக்க முகமூடி போட்டிருக்க, வெறும் முகத்தோடு வந்தவர்கள் இரண்டே பேர், புரூஸ் வெய்னும் (பேட்மேனின் நிஜப் பெயர்) செலினாவும். பகலில்தான் அவர்களுக்கு வேஷம். நடனமாடும்போது தலைக்கு மேல் மிசில்டோ கொத்து தொங்குகிறது; கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் கீழே நிற்பவர்கள் முத்தமிடுவது வழக்கம். முன்பு ஒரு மொட்டைமாடிச் சண்டையில் அதே செடியைப் பற்றி பேட்மேன் சொன்ன வாக்கியத்தை இப்போது செலினா யதேச்சையாகச் சொல்கிறாள். அன்று அவள் சொன்ன பதிலை இவன் சொல்கிறான். சொல்லி முடித்த மறுநொடி இரண்டு பேருக்கும் யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஃபைஃபரின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு அப்படியே இருக்கும், கண் மட்டும் இடிந்துபோகும். இனி சண்டை போட வேண்டுமா என்று அவள் கேட்கிற குரலில் வில்லி எங்கே இருக்கிறாள்?

இது மனதில் இருக்கும்போதே 1966-க்குப் போங்கள். ஏபிசி தொலைக்காட்சித் தொடரின் முதல் இரண்டு சீசன்களில் ஜூலி நியூமார். கொடுத்த உடையைத் தானே பிடித்துத் திருத்தி, பெல்ட்டை இடுப்பிலிருந்து இறக்கிக் கட்டிக்கொண்டவர் அவர். நாலு விரல்கடை இறக்கினால் உடம்பின் வளைவே மாறித் தெரியும். அந்த உடை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதை விளையாட்டுத்தனமாக இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். அவர் நடப்பதையும் சோம்பலாகச் சாய்வதையும் மட்டும் பார்த்தாலே போதும்.

அதே ஆண்டு வந்த சினிமாவுக்கு நியூமார் கிடைக்கவில்லை; லீ மெரிவெதர் நடித்தார். 1955-இன் மிஸ் அமெரிக்கா இவர். இதில் கேட்வுமன் ரஷ்யப் பத்திரிகையாளராக வேஷம் போட்டு புரூஸைக் காதலிக்க வைக்கிறாள். கடைசியில் தன் பூனையே காலில் தடுக்க, விழுந்து முகமூடி கழன்றுவிடுகிறது. எதிரே பேட்மேன் பேச்சற்று நிற்கிறான். ஃபைஃபர் படத்தில் நெஞ்சைப் பிடித்த அதே விஷயம் இங்கே நகைச்சுவையாக நடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது சீசனில் எர்தா கிட். இந்த வேடத்தில் நடித்த முதல் கறுப்பினப் பெண். 'ர' வருகிற இடமெல்லாம் பூனை உறுமல்தான். அவர் வந்ததும் பேட்மேனுடனான காதல் கதையிலிருந்து காணாமல் போய்விட்டது. 1967 அமெரிக்கா அது. 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்தொன்றில், அதிபரின் மனைவி முன்னாலேயே வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். அதன் பிறகு சொந்த நாட்டில் அவருக்கு வேலை வறண்டது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த உறுமல் வேறு மாதிரி கேட்கிறது.

அடுத்தது 2012-இன் 'தி டார்க் நைட் ரைசஸ்'. ஆன் ஹாத்தவேயை யாரும் படத்தில் கேட்வுமன் என்று கூப்பிடுவதே இல்லை. காது என்று நாம் நினைப்பது நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட கண்ணாடி. உடை சுத்தமான வேலை, ஆனால் நினைவில் நிற்கவில்லை. இவருக்கு முகமே முகமூடி. பணிப்பெண்ணாகத் தோள் குறுகி நிற்பவள், முத்துமாலை திருடியது தெரிந்ததும் அரை நொடியில் முதுகை நிமிர்த்துவாள். மது விடுதியில் ஆட்களை அடித்துப் போட்டுவிட்டு, போலீஸ் நுழைந்ததும் ஐயோ அம்மா என்று அலறுவாள் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம்.

பிறகு 2022-இன் 'தி பேட்மேன்'. ஸோயி கிராவிட்ஸின் முகமூடி கம்பளிக் குல்லாவை வெட்டியது போல இருக்கும். நுனி இரண்டும் லேசாகத் தூக்கி நிற்பதுதான் காது. காசில்லாத திருடி வீட்டில் இருப்பதை வைத்துச் செய்துகொண்டது என்று நம்ப முடிகிறது. 1992 கோட்டுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது இதுதான்.

ஹேலி பெர்ரியின் 2004 படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் செலினாவும் இல்லை, பேட்மேனும் இல்லை. தோல் பேன்ட்டில் அத்தனை கிழிசல் வைத்தால் கூரை ஏறுகிறவளுக்கு முட்டி என்ன ஆகும் என்று தைத்தவர் யோசித்தாரா, தெரியவில்லை. ஆனால் ஒன்று: அந்த ஆண்டின் மோசமான நடிகை என்று ராஸி விருது கொடுத்தபோது, பெர்ரி ஒரு கையில் தன் ஆஸ்காரைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்து வாங்கினார். படத்தைவிட அந்த மேடைப் பேச்சு நன்றாக இருந்தது.

பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் 1992 அனிமேஷன் தொடரிலிருந்து தொடங்கலாம். குரல் ஏட்ரியன் பார்போ. 'கோத்தம்' தொடரில் கேம்ரன் பைகோண்டோவா சிறுமி செலினாவாக வருவார். நேரம் இருந்தால் பாருங்கள்.

எங்கள் நாடகத்துக்கு நான் வெள்ளைத் தையல் போட்ட கறுப்பு உடையைத்தான் தைத்தேன். முகமூடியை காதோடு சேர்த்து இறுக்கிவிட்டதில், ஒத்திகையில் அந்தப் பெண்ணுக்கு யார் பேசுவதும் கேட்கவில்லை. இரண்டு தடவை தன் முறையைத் தவறவிட்டாள். தைக்கப் போகிறவர்கள் பூனைக் காதை மேலே ஒட்டுவதற்கு முன்னால், நிஜக் காதுக்கு நேராக இரண்டு ஓட்டை வெட்டி, ஓரத்தை மடித்து அடித்துவிடுங்கள்.