ஊட்டி, குன்னூர் பக்கம் மளிகைச் செலவைக் குறைக்க

சிக்கனம் என்றாலே "மொத்தமா வாங்கிப் போடுங்க" என்பார்கள். மலையில் அது பாதி வருஷத்துக்குத்தான் சரி. ஜூன் பிறந்து மழையும் மூடுபனியும் தொடங்கிவிட்டால் உப்பு கசியும், ரவை கட்டி தட்டும், பருப்பில் பூசண வாடை வரும், அப்புறம் மிச்சம் பிடித்த காசெல்லாம் குப்பைக்குத்தான். மழை மாதங்களில் மாவு, ரவை, மிளகாய்த்தூள் எல்லாம் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மொத்தமாக வாங்குவதை ஜனவரிக்கு மேல் வைத்துக்கொண்டு, நல்ல வெயிலில் ஒரு காய்ச்சல் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

காய்கறியில்தான் பெரிய மிச்சம். இங்கே விளைவது எது, கீழேயிருந்து லாரியில் ஏறி வருவது எது என்று பிரித்துப் பாருங்கள். கேரட், பீட்ரூட், உருளை, கோஸ், பீன்ஸ், முள்ளங்கி, நூல்கோல், மேராக்காய் (சௌசௌ) எல்லாம் நம் மண். தக்காளி, தேங்காய், கத்திரிக்காய், முருங்கை எல்லாம் வண்டி வாடகையையும் சேர்த்துக்கொண்டு வருபவை. சமையலை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகாமல், அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிவந்து சமையலை முடிவு செய்யுங்கள். பாசிப்பருப்பு போட்ட மேராக்காய்க் கூட்டுக்குத் தேங்காய் கட்டாயமே இல்லை, சீரகமும் பூண்டும் போதும்.

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் முதலில் அங்கே போங்கள். இடைத்தரகர் கிடையாது, விலை பலகையில் இருக்கும், பேரம் பேசிக் களைக்க வேண்டாம். பையை மறக்காதீர்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஒவ்வொரு தடவையும் துணிப்பை வாங்கினால் அதுவும் ஒரு செலவு.

கேரட் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். மெஷினில் கழுவிய கேரட்டுக்கு மேல்தோல் உரசிப் போயிருக்கும், சில நாளில் கருத்து வழவழப்பாகிவிடும். மண்ணோடு இருப்பதை வாங்கி, தழையை மட்டும் நறுக்கிவிட்டு (விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துவிடும்), கழுவாமல் வையுங்கள், நம் குளிருக்கு நன்றாகத் தாங்கும். உடைந்தது, இரண்டு காலாகப் பிளந்தது எல்லாம் தனிக் குவியலில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் அள்ளுங்கள், சாம்பாரில் யாரும் கால் எண்ணப்போவதில்லை. உருளையைச் சாக்கில் போட்டு இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானதைச் சாப்பிடவே கூடாது.

ரேஷனை விடாதீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், வெளியே இந்த விலைக்குக் கனவிலும் கிடைக்காது. அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லையென்றால் இட்லிக்கு ஊறப்போடுங்கள். குளிரில் மாவு புளிக்கவில்லை என்று பாக்கெட் மாவுக்குக் காசு கொடுப்பவர்கள் நிறையப் பேர். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்தால் பொங்கிவிடும், கொஞ்சம் கூடுதல் நேரம் மட்டும் கொடுங்கள்.

பாக்கெட் சாமான்களில் பெரிய எழுத்தில் போட்ட விலையை நம்பாமல், கிராமுக்கு எவ்வளவு என்று சிறிதாக அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எண்ணெயில் இது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே 800 கிராம் பாக்கெட் அதே உயரத்தில் நிற்கும், பத்து ரூபாய் குறைவு என்று எடுத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கேஸையும் மளிகைக் கணக்கில் சேருங்கள். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும், சிலிண்டர்தான் காலியாகும். துவரம் பருப்பை ஒரு மணி நேரம், கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிடும்.