எம் 83 கேலக்ஸியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரா பௌர்ணமியன்று டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதுதான் முதல் தவறு. அன்று நிலா சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும். நாம் தேடும் எம் 83 என்ற கேலக்ஸி, அதாவது தொலைதூர நட்சத்திரக் கூட்டம், அந்த நட்சத்திரத்துக்கு நேர் தெற்கே, கையை நீட்டி விரல்களை விரித்து அளந்தால் கிட்டத்தட்ட ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நிலவொளியில் அது கரைந்தே போகும். சித்திரை, வைகாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பத்து மணி வாக்கில் தேடுங்கள்.

ஐரோப்பியக் கையேடுகள் 'மிகத் தாழ்வாக இருக்கும், பார்ப்பது கடினம்' என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். 1752-ல் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் இதைக் கண்டுபிடித்தது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து. பிறகு பாரிஸிலிருந்து பார்த்துத் தன் பட்டியலில் 83-வதாகச் சேர்த்த வானியலாளர் மெஸ்ஸியேவுக்கு (பெயரில் உள்ள 'எம்' அவர்தான்) இது அடிவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரிதான் ஏறியது. சென்னையில் 47 டிகிரி ஏறும். நமக்கு வாய்த்த வானம் அப்படி!

பிரகாச எண் (எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்) 7.5 என்றதும் எளிது என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண் ஒரு புள்ளியின் வெளிச்சம் அல்ல. நிலாவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பில் பரவிக்கிடக்கும் மொத்த வெளிச்சம். ஊர் விளக்குகள் இருந்தால் தெரியாது. ஜவ்வாது மலை போன்ற இருட்டான இடம் வேண்டும்.

இருட்டில் அரை மணி நேரம் கண்ணைப் பழக்கிவிட்டு, நடுவில் செல்போனை எடுத்துப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அத்தனை காத்திருப்பும் ஒரு நொடியில் வீண். அக்கா மகள் அப்படித்தான் செய்துவிட்டு, "மாமா, ஒண்ணுமே தெரியலையே" என்றாள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, "நேரா பாக்காதே, கொஞ்சம் ஓரமா பாரு" என்றேன். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. நெடுநேரம் கழித்து, "பிச்சுப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கு மாமா" என்றாள். ஆறு அங்குல டெலஸ்கோப்பில் அதுதான் எம் 83.

புகைப்படத்தில் வரும் நீலச் சுருள் கரங்களையும் சிவப்புப் பொட்டுகளையும் கண்ணால் எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சிவப்பு, புது நட்சத்திரங்கள் பிறக்கும் ஹைட்ரஜன் மேகங்களின் நிறம். இவ்வளவு மங்கிய ஒளியில் கண் நிறம் பிரிக்காது.

கேலக்ஸியைச் சுற்றித் தெரியும் நட்சத்திரங்கள் அதனுடையவை என்று எண்ணுவதும் தவறே. அவை நம் பால்வீதியைச் சேர்ந்தவை. எம் 83 அவற்றுக்கெல்லாம் அப்பால், சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1923 முதல் 1983 வரை அங்கே ஆறு சூப்பர்நோவாக்கள், அதாவது நட்சத்திர வெடிப்புகள், பதிவாகியிருக்கின்றன. ஆகவே அந்தப் பஞ்சுக்குள் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அறிவித்துவிடாதீர்கள். பார்க்காமல் ஒதுக்கியும் விடாதீர்கள்.