டிராக்டர் லோடரில் மண் அள்ளுவது எப்படி? புதிதாக ஓட்டுபவர்களுக்கு

ஏரி வற்றிவிட்டது, வண்டல் எடுக்க தாசில்தார் அனுமதியும் கையில் இருக்கிறது, டிராக்டரில் லோடரும் மாட்டியாச்சு. சரி, உடனே போய் பக்கெட்டைக் கட்டாந்தரையில் குத்திவிடாதீர்கள். இளகிய மண்ணை அள்ளத்தான் இந்த லோடர். இறுகிய தரையைத் தோண்டுவது பொக்லைன் வேலை. அதை டிராக்டரிடம் வாங்கினால் முன் அச்சும் லோடர் கையும்தான் அடிவாங்கும்.

1. பின்னால் பாரம் ஏற்றுங்கள்

பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறத்தாழ 1,700 கிலோ இருக்கும். அரை கன மீட்டர் பக்கெட் நிறைந்தாலே 850 கிலோ முன்னால் தொங்குகிறது. அப்போது பின்பக்கம் லேசாகிவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. பின்டயர் தரையை அழுத்தாவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால் பின்பக்க லிங்கேஜில் (கலப்பை போன்ற கருவிகளை மாட்டும் இடத்தில்) கான்கிரீட் கட்டையோ ரோட்டவேட்டரோ மாட்டுங்கள். பின்டயர்களில் முக்கால் பாகம் தண்ணீரும் நிரப்பலாம். உங்கள் லோடர் எத்தனை கிலோ தூக்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மண்ணை இளக்குங்கள்

கல்டிவேட்டரில் இரண்டு சால் ஓட்டினால் போதும். அப்புறம் அதைக் கழற்றிவிட்டுப் பின்பாரத்தை மாட்டுங்கள்.

3. அள்ளுங்கள்

லோ முதல் கியர். பக்கெட்டின் அடிப்பாகம் தரையோடு படிந்திருக்க, குவியலுக்குள் நேராக, மெதுவாக நுழையுங்கள். பாதி நுழைந்ததும் பக்கெட்டைச் சிறிது சிறிதாக உள்பக்கம் மடக்கிக்கொண்டே தூக்குங்கள். டயர் நின்ற இடத்திலேயே சுற்றினால் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். பக்கெட்டை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள், டயர் பிடித்துவிடும். பக்கெட் மண்ணுக்குள் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பவே கூடாது, லோடர் கை முறுக்கிக்கொள்ளும்.

4. கொண்டு போங்கள்

புறப்படும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். உழவில் பிரித்து வைத்த பெடலை மறந்து, பாரத்தோடு ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிக் கவிழலாம். பக்கெட் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். ஏரிக்கரைச் சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள். பாரத்தோடு ஏறும்போது நேராக ஏறுங்கள். இறங்க வேண்டி வந்தால் ரிவர்ஸில் இறங்குங்கள். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும்.

5. கொட்டுங்கள்

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்துங்கள். அதன் பக்கத்தில் வந்த பிறகே பக்கெட்டை உயர்த்துங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, மண்ணைச் சமப்படுத்த வரும் ஆளாக இருந்தாலும் சரி.

6. வேலை முடிந்ததும்

பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுங்கள். பிறகு லோடர் மூட்டுகளில் இருக்கும் எல்லாப் பின்களுக்கும் (pin) கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸோடு மண்ணும் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.